மூன்று ஆட்டத்துக்குக் காசு, எண்பத்தொரு ஆட்டத்துக்கு ஆசை

பிப்ரவரி பிறந்தால் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஏறிவிடும். சிகாகோ கப்ஸ் அணியின் பேஸ்பால் அட்டவணை. மொத்தம் 162 ஆட்டம், அதில் 81 உள்ளூரில், ரிக்லி ஃபீல்டில். ஐபிஎல் லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டம் என்று பழகிய கண்ணை இந்தத் தாள் முதலில் மிரட்டத்தான் செய்யும். மார்ச் கடைசியில் தொடங்கினால் செப்டம்பர் கடைசி வரை அநேகமாக தினமும் ஓர் ஆட்டம். எதற்குப் போவது, எதை விடுவது?

வீட்டு நிதியமைச்சர் ஒதுக்கியிருப்பது மூன்று ஆட்டத்துக்கு. நான், மனைவி, பன்னிரண்டு வயது மகள் என்று மூன்று டிக்கெட், ரயில், தீனி, மகள் கேட்கப்போகும் இன்னொரு தொப்பி எல்லாம் சேர்த்தால் மூன்று தடவைக்கு மேல் தாங்காது. அதனால் ஒவ்வொரு வருஷமும் இந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

அட்டவணை எப்படிப் பின்னப்பட்டிருக்கிறது என்று புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கில் 30 அணி, அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு பாதியாக. கப்ஸ் நேஷனலில். கப்ஸ் இருக்கும் பிரிவில் இன்னும் நான்கு பேர்: செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், மில்வாக்கி ப்ரூவர்ஸ், சின்சினாட்டி ரெட்ஸ், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ். இந்த நால்வரோடு தலா 13 ஆட்டம், அதில் ஆறோ ஏழோ நம் ஊரில். 2023 முதல் எல்லா அணியும் மற்ற 29 அணிகளோடும் ஆடியாக வேண்டும் என்று விதி வந்தது. அமெரிக்கன் லீக் அணிகள் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மூன்று நாள் வந்து போகும். உள்ளூர்ப் பங்காளி ஒயிட் சாக்ஸ் மட்டும் விதிவிலக்கு. நம் லீக்கின் மற்ற அணிகள், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் உட்பட, வருஷத்துக்கு ஒரு தடவை வரும்.

ஆக, சிலர் அடிக்கடி வருவார்கள், சிலர் அத்தி பூத்தாற்போல. அத்திப் பூவைத்தான் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது இல்லை. ரிக்லியைப் பொறுத்தவரை எதிரே யார் என்பதைவிட என்றைக்கு, எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கம் என்பதுதான் முக்கியம். ஏன் என்று சொல்கிறேன்.

ஏப்ரலில் இருந்து ஆரம்பிக்கலாம். டிக்கெட் விலை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். எதிரணி, கிழமை, மாதம் எல்லாம் பார்த்துத்தான் விலை வைக்கிறார்கள். ஏப்ரல் வார நாட்கள்தான் இருப்பதிலேயே சல்லிசு. பெரிய பெயர் இல்லாத அணியாக இருந்தால், ஆகஸ்ட் சனிக்கிழமையில் மேல்தட்டில் உட்காரும் காசுக்கு ஏப்ரலில் மைதானத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடலாம். அப்படி ஒரு வருஷம் ஆசைப்பட்டுப் போனோம். கிழக்கே சுமார் ஒரு மைல் தள்ளி மிச்சிகன் ஏரி. அதன் மேலிருந்து வரும் காற்று நேராக முகத்தில் அடிக்கிறது. இரண்டு ஸ்வெட்டர், ஒரு கோட், மேலே வீட்டுப் போர்வை. மகள் ஹாட் சாக்லேட்டைக் குடிக்கவே இல்லை. கை சூட்டுக்காக இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தாள், அது ஆறிப்போகும் வரை. மட்டையில் பட்ட சத்தத்தை வைத்து ஹோம் ரன் (நம் ஊர் சிக்ஸர் மாதிரி) என்று எழுந்து நின்றோம். பந்து மேலே போய், காற்றில் ஒரு கணம் தயங்கி, சுவருக்குப் பத்தடி முன்னால் ஃபீல்டர் கையில் சாதுவாக வந்து விழுந்தது. ரிக்லியின் அழகே அந்தச் செங்கல் சுவரில் படர்ந்திருக்கும் ஐவி கொடிதான், 1937-ல் நட்டது. ஏப்ரலில் அதில் இலையே இருக்காது. காய்ந்த கயிறுகளை யாரோ சுவரில் ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். ஐந்தாவது இன்னிங்ஸில் (இரு அணியும் ஒரு தடவை மட்டை பிடித்தால் ஓர் இன்னிங்ஸ், ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது) மனைவி சொன்னாள்: "டிவில இதைவிட நல்லா தெரியும். ஹீட்டரும் இருக்கு." பதில் சொல்ல வாய் வரவில்லை, குளிரில்.

அதே மைதானம் ஜூனில் வேறு ஆளாக மாறிவிடும். வெயில் ஏற ஏற, தென்மேற்கிலிருந்து வீசும் காற்று பந்தைச் சுவருக்கு வெளியே அள்ளிக்கொண்டு போகும். இந்தக் காற்று எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1979 மே 17-ஆம் தேதி ஆட்டத்தைச் சொல்லுவார்கள். பிலடெல்பியா 23, கப்ஸ் 22. பத்து இன்னிங்ஸ், இரு அணிக்குமாக 11 ஹோம் ரன். பேஸ்பாலில் நாலுக்கு மூன்று, ஐந்துக்கு இரண்டு என்று முடிவதுதான் வழக்கம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள். இன்றும் விவரம் தெரிந்த ரசிகர்கள் ஆட்டத்தன்று காலையில் பிட்சர் (பந்து வீசுபவர்) யார் என்று பார்ப்பதற்கு முன், கூரையில் இருக்கும் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். கோடையில் சுவரில் ஐவி பச்சை பிடித்துவிட்டால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பந்து இலைக்குள் சிக்கிக்கொள்ளும். ஃபீல்டர் தேடாமல் இரண்டு கையையும் மேலே தூக்கிவிடுவார். அம்பயர் வந்து பார்த்து, அடித்தவருக்கு இரண்டு பேஸ் (ஒரு ரன்னுக்கு ஓட வேண்டிய நான்கு நிறுத்தத்தில் இரண்டு) கொடுத்துவிடுவார். தோட்டத்துக்குள் பந்து போனால் இவ்வளவு ரன் என்று தெருவில் நாம் வைத்துக்கொண்ட விதி போலத்தான்.

சரி, கோடை என்று முடிவானால் கார்டினல்ஸ் வரும் வார இறுதிதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். செயின்ட் லூயிஸ் இங்கிருந்து காரில் ஐந்து மணி நேரம், சிவப்புச் சட்டைக் கூட்டம் தெருவை நிறைத்துவிடும். 1984 ஜூன் 23 அன்று ரைன் சாண்ட்பெர்க் இதே கார்டினல்ஸுக்கு எதிராக ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒன்று, பத்தாவதில் ஒன்று என்று இரண்டு ஹோம் ரன் அடித்து இரண்டு தடவை ஸ்கோரைச் சமன் செய்தார். கடைசியில் கப்ஸ் 12-11 என்று ஜெயித்தது. அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசாத கப்ஸ் வீடு கிடையாது. அவர் 2025 ஜூலையில் காலமானபோது அறுபது வயதுக்காரர்கள் எல்லாம் கண் கலங்கினார்கள்.

ஆனால் பகை பழையது, விலை மட்டும் புதியது. வார இறுதி, கோடை, கார்டினல்ஸ் மூன்றும் சேர்ந்தால் ஒரு குடும்பத்துக்கு ஆகும் செலவில் வேறு இரண்டு ஆட்டம் பார்த்துவிடலாம். கார்டினல்ஸும் 2023, 2024, 2025 மூன்று வருஷமும் பிளேஆஃப் பக்கமே வரவில்லை. நினைவுகளுக்காகத்தான் அந்தக் காசு. சாண்ட்பெர்க் சிலை மைதானத்துக்கு வெளியேதான் நிற்கிறது. அதோடு போட்டோ எடுக்க எந்த நாளும் போகலாம். மகளும் நானும் சேர்ந்து இதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம். அலுவலக நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஒயிட் சாக்ஸ் தொடரையும் சீக்கிரம் முடித்துவிடலாம். 2025-லிருந்து மூன்று ஆட்டம் இங்கே, மூன்று ஆட்டம் நகரின் தெற்கே அவர்கள் மைதானத்தில். இரண்டு மைதானமும் ஒரே ரெட் லைன் ரயில் பாதையில்தான்: இங்கே அடிசன் நிறுத்தம், அங்கே 35-ஆம் தெரு நிறுத்தம். தெற்கே டிக்கெட் மலிவு, வாய்ச்சண்டை இலவசம். 2024-ல் அந்த அணி 121 ஆட்டம் தோற்றது, நவீன பேஸ்பாலில் அப்படி யாரும் தோற்றதில்லை. தனியாக இருந்தால் போவேன். மூன்றில் ஒன்றாக வைக்க மனம் வரவில்லை.

டாட்ஜர்ஸ்தான் வீட்டுக்குள் சண்டை. மகளுக்கு ஷோஹெய் ஒட்டானியை நேரில் பார்க்க வேண்டும். பந்தும் வீசுவார், மட்டையும் பிடிப்பார், இரண்டிலும் உச்சத்தில் இருக்கும் ஆள். விலை கார்டினல்ஸுக்குக் கொஞ்சமும் குறையாது. கப்ஸும் டாட்ஜர்ஸும் மோதினால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் 2025 ஏப்ரல் 22: ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட்டான பிறகு கப்ஸ் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்து, பத்தாவதில் 11-10 என்று ஜெயித்தது. நாங்கள் வீட்டு சோபாவில் இருந்தோம். மகள் இன்னும் அதை மறக்கவில்லை.

இங்கே ஒரு நுணுக்கம். நட்சத்திர ஆட்டக்காரரைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் தொடரின் முதல் நாளுக்கு வாங்குங்கள். ராத்திரி ஆட்டம் முடித்து மறுநாள் மதியமே ஆட வேண்டி வந்தால் மேனேஜர்கள், அதாவது அணியின் தலைமைப் பயிற்சியாளர்கள், பெரிய ஆட்களுக்கு ஓய்வு கொடுப்பது வழக்கம். தொடரின் கடைசி நாள், அணி விமானம் ஏறப்போகும் நாள், அநேகமாக மதிய ஆட்டமாகத்தான் இருக்கும். விலை குறைவாக இருக்கிறதே என்று அதை வாங்கினால் ஒட்டானி பெஞ்சில் உட்கார்ந்து விதை கொறிப்பதைப் பார்க்க நேரலாம். பிட்சர் யார் என்பதோ இன்னும் மோசம். ஐந்தாறு பேர் முறை வைத்து வீசுவார்கள், ஒரு மழை வந்தால் முறை மாறிவிடும். பிப்ரவரியில் உட்கார்ந்து ஜூலையில் யார் வீசுவார் என்று ஜோசியக்காரரும் சொல்ல முடியாது.

அப்புறம் ஆகஸ்ட். இதில் நான் பட்ட அடி உண்டு. 2021-ல் வசந்தத்திலேயே ஆகஸ்ட் டிக்கெட் வாங்கிவைத்தேன். மகளுக்கு அப்போது ஏழு வயது. கப்ஸ் ஆட்டக்காரர் ஹவியேர் பாயெஸ்தான் அவளுக்கு எல்லாம், முதுகில் 9 போட்ட சட்டையோடுதான் தூங்குவாள். ஜூலை 29, 30 என்று இரண்டே நாளில் ரிஸோ யாங்கீஸுக்கும், பாயெஸ் மெட்ஸுக்கும், பிரையன்ட் ஜயண்ட்ஸுக்கும் போய்விட்டார்கள். 2016-ல் உலகத் தொடர் கோப்பையை ஜெயித்து 108 வருஷத் தாகத்தைத் தீர்த்த அணியின் முதுகெலும்பு அது. ஜூலை முடிவில் ஆள் மாற்றும் கெடு வருகிறது, அப்போது தோற்றுக்கொண்டிருக்கும் அணி ஆட்களை விற்றுவிடும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். தெரிந்தும் வாங்கியது என் தப்பு. அன்று அவள் 9-ஆம் நம்பர் சட்டையைப் போட்டுக்கொண்டே வந்தாள். "அந்த அங்கிள் எங்கே?" என்று ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் கேட்டாள். அதிலிருந்து ஆகஸ்ட் டிக்கெட் ஜூலைக்குள் வாங்குவதில்லை. ஆகஸ்ட் பாதியில் பள்ளியும் திறந்துவிடுகிறது, அதனால் இதை விடுவதில் பெரிய துக்கமும் இல்லை.

மில்வாக்கி பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டும். இது உள்ளூர் ஆட்டமே இல்லை, 81-க்கு வெளியே இருப்பது. ஆனால் நாங்கள் இருக்கும் சிகாகோ புறநகர் நேப்பர்வில்லில் இருந்து காரில் இரண்டு மணி நேரம்தான். சிகாகோ யூனியன் ஸ்டேஷனிலிருந்து ரயிலும் உண்டு, ஒன்றரை மணி நேரம். கப்ஸ் ரசிகர்கள் பாதி மைதானத்தை நிரப்பிவிடுவதால் அதை வடக்கு ரிக்லி என்றே கிண்டலாகச் சொல்வார்கள். மில்வாக்கிக்காரர்களுக்கு அந்தப் பெயர் வேப்பங்காய்.

2018-ல் இரு அணியும் 95 வெற்றி, 67 தோல்வி என்று சரிசமமாக முடித்தன. பிரிவின் முதலிடத்துக்காக 163-வது ஆட்டம் ஒன்று ரிக்லியில் நடந்தது. மில்வாக்கி 3-1. மறுநாளே கப்ஸ் கொலராடோவிடமும் தோற்று சீசன் முடிந்தது. அப்போது மில்வாக்கி மேனேஜர் கிரெய்க் கவுன்சல், அந்த ஊருக்குப் பக்கத்திலேயே வளர்ந்த பிள்ளை. 2023 நவம்பரில் அவர் நம் அணிக்கு வந்துவிட்டார். அடுத்த வருஷத்திலிருந்து அந்த மைதானத்தில் அவர் பெயர் ஒலிபெருக்கியில் வந்தாலே ஊளை கிளம்பும். அவர் போன பிறகு மில்வாக்கி தளர்ந்துவிடும் என்று நாங்கள் கணக்குப் போட்டோம். 2024-லும் 2025-லும் பிரிவில் முதலிடம் அவர்களுக்குத்தான். போதாததற்கு 2025 அக்டோபரில் பிளேஆஃப் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், மறுபடியும் அதே 3-1, நம்மை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

2022 முதல் அந்த 163-வது ஆட்டமும் கிடையாது. இரு அணி சமமாக முடித்தால், சீசனில் அவர்கள் தமக்குள் ஆடியதில் யார் அதிகம் ஜெயித்தார்கள் என்று பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். இப்படிப் பார்த்தால் மில்வாக்கியோடு ஆடும் 13 ஆட்டமும் ஒன்றரை மடங்கு எடை. மே மாதச் சனிக்கிழமை ஆட்டம் ஒன்று செப்டம்பரில் திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கும்.

எல்லாவற்றையும்விட, அங்கே கூரை இருக்கிறது. திறந்து மூடும் கூரை. வெளியே மழையோ பனியோ, ஆட்டம் நடந்தே தீரும். ரிக்லியில் மழை வந்தால் ஆட்டம் வேறு நாளுக்குப் போகும், டிக்கெட் அந்த நாளுக்குச் செல்லும் என்பார்கள், அந்த நாள் நமக்குச் செவ்வாய்க்கிழமை அலுவலகமாக இருக்கும். வசந்தத்தில் நிச்சயமாக ஓர் ஆட்டம் பார்க்க வேண்டும் என்றால் தெற்கே ரிக்லியைவிட வடக்கே மில்வாக்கிதான் உத்தரவாதம் என்பது விசித்திரம்தான். கார் நிறுத்துமிடத்திலேயே அடுப்பு மூட்டிச் சமைப்பது அங்கே ஊர் வழக்கம். போன தடவை மூன்று குடும்பம் சேர்ந்து போனோம். நாங்கள் மசாலா தடவிய கோழியைக் கம்பியில் குத்தி வாட்ட, பக்கத்துக் கார் ப்ரூவர்ஸ் சட்டைக்காரர் வாசனை பிடித்து வந்து தன் சாசேஜ் இரண்டைக் கொடுத்துவிட்டு நான்கு துண்டு வாங்கிப் போனார். ஆறாவது இன்னிங்ஸில் சாசேஜ் வேஷம் போட்டவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓட்டப் பந்தயம் விடுவார்கள். பேஸ்பால் பிடிக்காத என் மனைவிக்கு மொத்த சீசனிலும் பிடித்தது அது ஒன்றுதான்.

செப்டம்பர் கடைசி வாரத்தையும் நினைத்துப் பார்த்தோம். லீக்குக்கு ஆறு அணி பிளேஆஃப் போகலாம் என்பதால் கடைசி வரை ஏதோ ஒரு கணக்கு உயிரோடு இருக்கும். ஆனால் அது கலெக்டர் ஆபீஸ் வரிசை மாதிரி: போட்டி இருந்தால் விலை எட்டாது, போட்டி இல்லை என்றால் போக மனசு இருக்காது. வார நாள் ராத்திரி ஆட்டம் முடிந்து, ரெட் லைன் பிடித்து, யூனியன் ஸ்டேஷன் நடந்து, நேப்பர்வில் ரயில் ஏறி வீடு சேரும்போது பதினொன்று தாண்டிவிடும். மறுநாள் காலை ஏழு மணிக்கு பள்ளிப் பேருந்து. இதை முன்கூட்டி வாங்குவதில் அர்த்தம் இல்லை.

மிச்சம் இருப்பது எந்த ரசிகரும் அட்டவணையில் வட்டம் போடாத கட்டம்: ஜூன் மாத வெள்ளிக்கிழமை, மதியம் 1:20. எதிரே பைரேட்ஸோ ரெட்ஸோ யாரோ. மேஜர் லீக்கில் கடைசியாக விளக்கு போட்ட மைதானம் ரிக்லிதான், 1988 ஆகஸ்டில். அதுவரை எல்லா ஆட்டமும் பகலில்தான். அந்தப் பழக்கத்தின் மிச்சம் இந்த வெள்ளிக்கிழமை மதியங்கள். பள்ளி விடுமுறை விட்டாயிற்று, காற்று திரும்பிவிட்டது, ஐவி பச்சை. 2023-ல் பிட்சர் குறித்த நொடிக்குள் வீசியாக வேண்டும் என்று கடிகாரம் வைத்த பிறகு ஆட்டம் சராசரியாக இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது, ஆக நான்கு மணிக்கு வெளியே வரலாம். விலை கார்டினல்ஸ் சனிக்கிழமை பக்கத்திலேயே வராது. குறை என்னவென்றால் திரும்பும் ரயிலில் அலுவலகக் கூட்டத்தோடு நெரிய வேண்டும், மனைவி ஒரு நாள் லீவு போட வேண்டும்.

ஆக இந்த வருஷக் கணக்கு இது: மே மாத மில்வாக்கி சனிக்கிழமை ஒன்று, ஜூன் வெள்ளிக்கிழமை மதியம் ஒன்று, மகளுக்காக டாட்ஜர்ஸ் தொடரின் முதல் நாள் ஒன்று. டாட்ஜர்ஸுக்கு மட்டும் மேல்தட்டு. ஒட்டானி அங்கிருந்து கட்டைவிரல் அளவுதான் தெரிவார் என்று சொல்லிவிட்டேன், பைனாகுலர் எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

வெள்ளிக்கிழமைக்கு மனைவி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று, நிழல். மூன்றாவது பேஸ் பக்கம்தான் மதியத்தில் முதலில் நிழல் இறங்கும். கீழ்த்தட்டின் பின்வரிசைகளில் முழு நிழல், ஆனால் அங்கே மேல்தட்டைத் தாங்கும் தூண்கள். ஒரு தடவை தெரியாமல் வாங்கி, மூன்று மணி நேரம் பிட்சரின் தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பார்த்துவிட்டு வந்தோம். இந்த முறை மகள் இருக்கை வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகத் தூணைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அவள் சொன்ன பிறகுதான் பணம் கட்டுவேன்.